உப்பு, மீன், கருப்பட்டி: தூத்துக்குடிப் பக்கம் கேமராவோடு ஐந்து நாள்

நாள் 1: வியாழக்கிழமை இரவு

நேற்றுச் சாயங்காலம் சென்னையில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினேன். காலையில் தூத்துக்குடி. கல்லூரித் தோழி வீட்டில் தங்கல். கோயில், கடற்கரை என்று சுற்றிப் பார்க்க இந்த முறை வரவில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் விடிந்ததும் எந்த வேலைக்குக் கிளம்புகிறார்களோ, அந்த வேலையைப் படம் எடுக்க வந்திருக்கிறேன். உப்பளம், மீன் ஏலம், கருப்பட்டி காய்ச்சும் இடம். மூன்றும் பார்க்க வேண்டும். தினமும் இரவில் அன்றைய நாளை எழுதிவிடுவதாகத் திட்டம்.

பையில் ஒரு கேமரா, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, கைபேசி. ஜூம் லென்ஸை வேண்டுமென்றே வீட்டிலேயே வைத்துவிட்டேன். அது கையில் இருந்தால் எங்கோ தூரத்தில் நின்றுகொண்டு ஒருவருடைய முகத்தை இழுத்துவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. 35 மி.மீ. என்றால் ஆளுக்கு நான்கைந்து அடி பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் போனபிறகு பேசாமல் இருக்க முடியாது. எனக்கு அதுதான் வேண்டும்.

மைசூர்க்காரர், புகைப்படக்காரர் டி.எஸ். சத்யனின் படங்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. 1923-ல் பிறந்தவர், 2009-ல் காலமானார். வாழ்நாளில் பெரும்பகுதி சாதாரண ஜனங்களையே எடுத்தவர். சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979-ல் அவர் எடுத்த குழந்தைகள் படங்களை நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் வைத்தார்கள். அவர் படங்களில் யாரும் கேமராவுக்காக எதையும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். அவரவர் பாட்டில் இருப்பார்கள். அந்தப் ‘பாட்டில்’ என்பதை எப்படிப் பிடித்தார் என்று பல வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் பனிமய மாதா கோயிலைத் தாண்டிக் கடற்கரைச் சாலை வரைக்கும் நடந்தேன். இந்த ஊருக்குக் கடல் கிழக்கே. அதனால் காலை வெயில் கடலில் இருந்து வரும். மாலை வெயில் ஊருக்குள் இருந்து, கட்டட இடுக்குகள் வழியாகப் பட்டை பட்டையாக விழும். திரும்பி வரும் வழியில் ஒரு டீக்கடை முக்கில் அப்படி ஒரு பட்டை. சரியாக டீ மாஸ்டரின் கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு டீ சொல்லிவிட்டு, “அண்ணாச்சி, நீங்க ஆத்துறத ஒரு படம் எடுத்துக்கட்டா?” என்று கேட்டேன்.

“எடுத்துக்கோங்க. ஆனா நிக்கச் சொல்லக்கூடாது. ஆளு நிக்கி.”

முதலில் ஷட்டரை 1/1000 நொடியில் வைத்து எடுத்தேன். டீ காற்றில் துண்டு துண்டாக, கண்ணாடிச் சில்லு மாதிரி உறைந்து நின்றது. பார்க்க அதிசயமாக இருந்ததே தவிர, டீ ஆற்றுவது மாதிரி இல்லை. நம் கண் அப்படிப் பார்ப்பதில்லையே. 1/60-க்கு இறக்கினேன். டீ ஒரே இழையாக, மேல் டம்ளரில் இருந்து கீழ் டம்ளருக்கு நாடா மாதிரி இறங்கியது. கை லேசாகக் கலங்கி, முகம் மட்டும் அசையாமல் இருந்தது. அவர் முகம் அசையாது என்பதை அரைமணி நேரம் பார்த்தபிறகுதான் கவனித்திருந்தேன். அத்தனை டீயும் ஆற்றும்போது அவர் டம்ளரைப் பார்ப்பதே இல்லை. ரோட்டைப் பார்க்கிறார். கை தானாக அளக்கிறது.

இரண்டு டீ குடித்தேன். நாற்பது நிமிடம். தேறியது ஒரு படம்.

தோழி வாங்கி வைத்திருந்த மக்ரூனைத் தின்றுகொண்டே எழுதுகிறேன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு. வேறொன்றும் இல்லை. நாளை நாலு மணிக்கு எழ வேண்டும்.

நாள் 2: வெள்ளிக்கிழமை, உப்பளம்

உப்பளம் தனியார் இடம். ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கி எடுக்கும் ஆட்கள் உண்டு, அது தப்பு. தோழியின் கணவர் முந்தின நாளே ஒரு கணக்கப்பிள்ளையிடம் பேசி அனுமதி வாங்கி வைத்திருந்தார். விடியற்காலை நாலே முக்காலுக்குப் போனால் வேலை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமே. வரப்பில் அங்கங்கே டார்ச் வெளிச்சம். உப்பைப் பலகையால் இழுக்கும் சத்தம் மட்டும் இருட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது, பெரிய ஜல்லடையில் சரளைக்கல் சலிப்பது மாதிரி.

முதல் ஒரு மணி நேரம் கேமராவை எடுக்கவில்லை. வெளிச்சம் இல்லை என்பது பாதிக் காரணம். இந்த வேலை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாமல் எங்கே நிற்பது என்பது மீதிக் காரணம். கணக்கப்பிள்ளை பொறுமையாகச் சொன்னார். இங்கே நிறைய அளங்களில் கடலில் இருந்து நேராகத் தண்ணீர் எடுப்பதில்லை. நிலத்தடி உப்புநீரை ஆழ்குழாயில் இறைக்கிறார்கள். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடுவது. அடர்த்தியை போமே என்ற அளவில் பார்க்கிறார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி. காயக் காய ஏறி 25-க்கு வந்தால் உப்பு பூக்க ஆரம்பிக்கும். 30-ஐத் தொடுவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசிய உப்பு சேர்ந்து கசந்துவிடும். நாட்டில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு; அதில் பெரும்பங்கு இந்த ஊர். என் சமையலறை டப்பாவில் இருப்பதும் இந்தப் பாத்தியில் இருந்து வந்ததாக இருக்கலாம்.

சூரியன் வந்ததும் எடுக்க ஆரம்பித்தேன். முதல் இருபது படமும் சாம்பல் பூத்துப்போய் இருந்தன. காரணம் தெரிந்ததுதான், அவசரத்தில் மறந்துவிட்டேன். கேமராவின் ஒளி மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை வெளேரென்ற உப்பைக் காட்டினால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று தானே குறைத்துவிடும். உப்பு அழுக்கு வேட்டி மாதிரி ஆகிவிடும், ஆட்களின் முகம் கரியாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படம் வாங்கும் ஒளியின் அளவை, ஒன்று, ஒன்றரைப் படி ஏற்றி வைத்தபிறகுதான் உப்பு உப்பாக வந்தது. கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் ஆளின் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியப் படத்தை மேலே இழுத்தால் போதும்.

இன்னொன்றும் இங்கே வந்துதான் பார்த்தேன். வெயில் ஏறினால் கண்ணுக்கடியில் கருநிழல் விழுந்து முகம் கெட்டுப்போகும் என்பது எல்லா இடத்துக்கும் பொது. உப்பளத்தில் அப்படி இல்லை. தரையே வெளிச்சத்தைத் திருப்பி மேலே அனுப்புகிறது. தாடை, மூக்கின் அடிப்பக்கம், சேலை முந்தானையின் உள்மடிப்பு எல்லாம் கீழேயிருந்து ஒளி வாங்குகின்றன. படம் எடுக்க வந்த எனக்கு அது வரம். தினமும் அதற்குள் நிற்பவர்களுக்குக் கண் போகிற சமாச்சாரம். ஒன்பது மணிக்கே என் கண்ணில் நீர் வழிய ஆரம்பித்துவிட்டது. அங்கே இருபது வருடமாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர், துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டி, இமையைப் பாதி மூடியே நடக்கிறார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் சும்மாடு. வரப்பில் குவித்த ஈர உப்பைச் சட்டியில் அள்ளுவார்கள். எதிரில் நிற்பவர் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட, அது தலைக்கு ஏறும். வரப்பு வழியாக நடந்து, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டில் ஏறி, அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். மறுபடி அள்ளல். காலை முழுக்க இதே நடை. நானும் எல்லாரையும் போல, சூரியனைப் பின்னால் வைத்துச் சுமையோடு வரிசையாக நடக்கும் நிழலுருவங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தன. அக்கா நின்று, “என்ன தங்கச்சி, எல்லாரும் வந்து இதத்தான் எடுக்காவ. வேற ஒண்ணும் தெரியலியா?” என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் என் படங்களைக் காட்டினேன். எட்டுப் பேர், எட்டு நிழல். “இதுல நான் யாரு?” என்றார். எனக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த அக்காவின் நடையை மட்டும் பத்துத் தடவை பார்த்தேன். சட்டி தலையில் உட்காரும் நொடியில் கழுத்து ஒரு விரற்கடை உள்ளே இறங்குகிறது, கண் மூடுகிறது, உதடு இறுகுகிறது. மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டு முதல் நாலு எட்டு வைக்கிறார். மேட்டில் ஏறும்போது வலது கை மட்டும் சட்டிக்குப் போகிறது. கொட்டியபிறகு, வெறும் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பும் இடத்தில், ஒரே ஒரு மூச்சு நேரம், நிமிர்ந்து தூரத்தில் பார்க்கிறார். அங்கே முகத்தில் துண்டு விலகியிருக்கும். பதினொன்றாவது தடவை நான் தட்டுமேட்டில், அவர் திரும்பும் இடத்துக்கு நாலடி தள்ளி முன்கூட்டியே போய் உட்கார்ந்திருந்தேன். லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் 1/500. இரண்டு படம் எடுத்தேன். இரண்டாவது சரியாக இருந்தது. பின்னால் ஓர் அம்பாரம், பக்கவாட்டில் அடுத்த சுமையோடு ஏறி வரும் இன்னொருவர்.

புகைப்படக்காரர் எம். பழனிக்குமார் இந்தப் பக்கத்து உப்பளங்களில் எடுத்த படங்களைப் பார்த்ததால்தான் இங்கே வரவேண்டும் என்று தோன்றியது. அவர் படத்தில் இருப்பவர்களுக்கு முகம் இருக்கும். இன்றைக்கு அதற்கான வழியில் நானும் கொஞ்சம் போயிருக்கிறேன்.

திரும்பியதும் முதல் வேலையாகக் கேமராவை ஈரத்துணியில் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியில் துடைத்தேன். உப்புக்காற்று உலோகத்தை விடாது. லென்ஸ் வளையத்தில் வெள்ளைப் பொடி. செருப்பிலும் அதே.

நாள் 3: சனிக்கிழமை, திரேஸ்புரம்

ஞாயிற்றுக்கிழமை இங்கே வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. அதனால் சனிக்கிழமை கரையில் கூட்டம் அதிகம், வீட்டுக்கு வாங்குபவர்களும் வருவார்கள். திரேஸ்புரம் நாட்டுப்படகுகளின் கரை. சீலா, விளை, ஊளி, பாறை, கூடை கூடையாகச் சாளை. சென்னையில் நாம் வஞ்சிரம் என்பதை இங்கே சீலா என்கிறார்கள். ‘வஞ்சிரம் என்ன விலை’ என்று கேட்டால் வெளியூர் என்று தெரிந்துவிடும்.

உப்பளம் வெறுமையான இடம், சட்டகத்துக்குள் எதை வைப்பது என்று தேட வேண்டும். மீன் ஏலக் கரை நேர்மாறு. எதைத் தள்ளுவது என்று தெரியாது. கை, கால், கூடை, பிளாஸ்டிக் பெட்டி, பைக், நாய், காக்கா, எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் முண்டியடிக்கும். நான் ஒரு வள்ளத்தின் நீல நிறப் பக்கச்சுவரைப் பின்னணியாகப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் எந்த ஏலம் நடக்கிறதோ அதை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன். பின்னணி ஒன்றாக இருந்தால் முன்னால் எத்தனை களேபரம் நடந்தாலும் கண் அதைத் தாங்கிக்கொள்ளும்.

ஏலத்துக்கும் ஒரு தாளம் இருக்கிறது. ஏலம் விடுபவர் தொகையைச் சொல்லிக்கொண்டே வேகமாக ஏறுவார், மூச்சு விடாமல். கேட்பவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. கண்ணசைவு, ஒரு விரல், புருவம். ஒரு கட்டத்தில் வேகம் குறைந்து ஒரே தொகையை இழுத்து இழுத்துச் சொல்வார். அங்கே எல்லார் கண்ணும் ஒருத்தர் மேல் இருக்கும். முடிந்த மறுகணம், எடுத்தவர் குனிந்து மீனைத் தொடுவார். ஏலத்தைத் தவறவிட்டவர் வேறு பக்கம் பார்ப்பார். அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும், ஒன்றிரண்டு நொடிதான். முதல் மூன்று ஏலத்தில் சத்தமும் கூச்சலும் இருந்த இடத்தையே எடுத்து ஏமாந்தேன். நாலாவதில் குரல் இழுக்க ஆரம்பித்ததும் கேமராவைக் கண்ணில் வைத்து மூச்சைப் பிடித்தேன். கிடைத்தது. ஒருவர் கை சீலாவின் செவுளில், பக்கத்தில் நிற்பவர் கடலைப் பார்க்கிறார், நடுவில் ஒரு சின்னப் பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பையனை நான் எதிர்பார்க்கவில்லை.

கரையில் இருந்து கொஞ்சம் தள்ளி ஓர் ஆச்சி, சாக்கு விரித்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டு, செதில் பறக்க, அவ்வளவு லாவகம். காலை வெளிச்சத்தில் செதில்கள் சில்லறைக் காசு மாதிரி மின்னின. பக்கத்தில் குந்தி, “ஆச்சி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றேன்.

“வேண்டாம்.”

“சரி ஆச்சி.”

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். முன்னொரு தடவை யாரோ வந்து அவரை எடுத்துக்கொண்டு போய், எங்கேயோ அச்சடித்துப் போட்டார்களாம். பேரன் கொண்டுவந்து காட்டினானாம். “அதுல என்னயப் பாத்தா கஞ்சிக்கு இல்லாதவ மாதிரி இருக்கு. தல கலஞ்சி, சேல அழுக்காகி. ஏன், நான் நாலு புள்ளயக் கட்டிக்குடுத்தவ. வீடு கட்டிருக்கேன். அதப் போட்டானா?” என்று கேட்டுவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

அரை கிலோ சாளை வாங்கிக்கொண்டு எழுந்தேன். இன்றைக்கு நான் பார்த்ததிலேயே நல்ல படம் அந்தச் செதில்கள்தான். அது என்னிடம் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வந்து உப்பளத்துப் படங்களையெல்லாம் மறுபடி ஆச்சியின் கண்ணால் பார்த்தேன். வேர்த்து, வாய் பிளந்து, சேலை விலகி இருந்த படம் ஒன்று இருந்தது. நாடகத்தனமாக, பார்த்தவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லும் மாதிரி. நேற்று அதைப் பிடித்தவை பட்டியலில் வைத்திருந்தேன். இன்று அழித்துவிட்டேன்.

நாள் 4: ஞாயிற்றுக்கிழமை, உடன்குடி

வள்ளத்துக்கு ஞாயிறு உண்டு, பனைக்கு இல்லை. பதனீர் சுரக்கும் பாளையைத் தினமும் சீவிவிட வேண்டும், விட்டால் வாய் காய்ந்து சுரப்பு நின்றுவிடும். அதனால் இன்றைக்கு உடன்குடி. திருச்செந்தூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. பஸ் பயணத்தில் சொல்ல ஒன்றும் இல்லை, தூங்கிவிட்டேன்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மரம் ஏற ஆள் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் இங்கே எல்லார் பேச்சும். நான் போன விளையில், அதாவது பனந்தோப்பில், ஏறுபவருக்கு அறுபது வயதுக்கு மேல். காலில் மரம் ஏறப் பூட்டும் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி. ஒரு மரத்தில் ஏறி, பாளையைச் சீவி, கலயத்தில் இருந்த பதனீரை இடுப்புக் குடுவையில் ஊற்றிக்கொண்டு இறங்கி, அடுத்த மரம். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதனீர், தடவாவிட்டால் புளித்துக் கள். வித்தியாசம் அந்த ஒரு பூச்சுத்தான்.

கீழே இருந்து மேல்நோக்கி எடுத்தால் வானத்துக்கு எதிரில் ஆள் கரும்புள்ளியாகத்தான் தெரிவார். அண்ணாச்சி ஏறும் ஆரம்பத்தில், அவர் கால் என் முகத்துக்கு நேராக இருக்கும்போது எடுத்தேன். தளைநார் அழுத்தி அழுத்திக் காய்ப்பேறிய புறங்கால், செதில் செதிலான பனை மரத்தின் தோல். இரண்டும் ஒரே நிறம், ஒரே சொரசொரப்பு. முகம் இல்லாத படம்தான். காட்டியபோது அவர் உற்றுப் பார்த்துவிட்டு, “எங்காலு இப்படியா இருக்கு?” என்று குனிந்து தன் காலை ஒரு தடவை பார்த்தார். “போட்டுக்கோ” என்றார். கேட்காமலே சொன்னது எனக்குப் பெரிய நிம்மதி.

வரும் வழியில் குதிரைமொழித் தேரி. செக்கச்செவேல் என்று மணல் மேடு. மணலில் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. உப்பளத்தில் தரை வெள்ளை ஒளியைத் திருப்பியது போல இங்கே தரை சிவப்பைத் திருப்புகிறது. ஆடு மேய்க்கும் ஒருவரின் வெள்ளைத் துண்டின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தது. நிறச் சமநிலையைக் கேமராவின் ‘தானாக’ விட்டால் அது சிவப்பைத் தப்பு என்று நினைத்துச் சரிசெய்துவிடும். ‘வெயில்’ என்பதில் நிறுத்தி வைத்துவிட வேண்டும்.

காய்ச்சும் இடம் பனையோலை வேய்ந்த குடிசை. உள்ளே போனதும் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. புகை, இருட்டு, அடுப்பில் சிவப்பு. ஓலை இடுக்கில் இருந்து புகைக்குள் கம்பி கம்பியாக வெயில். அடுப்படியில் அண்ணாச்சியின் வீட்டம்மா, துடுப்பும் கையுமாக. “ஆச்சி” என்று கூப்பிட்டேன். “ஆச்சியா? நான் அவ்வளவு கெழவியாவா இருக்கேன்?” என்றார். அதற்கப்புறம் “சித்தி” ஆயிற்று. பதனீர் வெயிலுக்கு முன் அடுப்பில் ஏறியது, நான் போனபோது பாதி வற்றியிருந்தது.

இந்த இருட்டில் படம் எடுக்க கேமராவின் ஒளியுணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 3200-க்கு ஏற்றியே ஆக வேண்டும். புள்ளி புள்ளியாகத்தான் வரும், வரட்டும். பிளாஷ் போட்டால் குடிசையே செத்துவிடும். ஓலை இடுக்கு வெளிச்சமும் இருக்காது, புகையும் வெறும் வெள்ளைத் திரையாகிவிடும். தொல்லை என்னவென்றால் ஆவி. பதனீர் காயும் தாச்சியில் இருந்து எழும்பும் ஆவியில் சித்தியின் முகம் சுத்தமாக மறைந்துபோயிற்று. இருபது நிமிடம் காத்திருந்தேன். நுரை பொங்கி விளிம்பு வரைக்கும் வந்தது. சித்தி பக்கத்துச் சிரட்டையில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். அப்படியே நுரை அடங்கி உட்கார்ந்தது. ஆவியும் ஒரு கணம் விலகியது. முகம் தெரிந்தது.

“என்ன சித்தி போட்டீங்க?”

“ஆமணக்கு முத்து. இடிச்சு வச்சிருக்கேன். இல்லன்னா பொங்கி அடுப்ப அணைச்சிரும்லா.”

அடுத்த பொங்கலுக்கு ஆயத்தமாக இருந்தேன். நுரை ஏறுகிறது, ஏறுகிறது, சித்தியின் கை சிரட்டைக்குப் போகிறது. அதுதான் எனக்குச் சைகை. ஒன்று, இரண்டு. தூவல். நுரை அடங்கல். 1/125-ல் எடுத்தேன். அடுப்பின் செந்நிறம் தாடையில், ஓலை வெயிலின் ஒரு கம்பி நெற்றியில், விரல்களில் இருந்து பொடி இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. இந்தப் பயணத்தின் படம் இதுதான் என்று தோன்றுகிறது. ஆமணக்கு முத்து பற்றித் தெரியாமல் இருந்திருந்தால் நாள் முழுக்க ஆவியை எடுத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தார். பதம் வந்ததும் சிரட்டை சிரட்டையாக ஊற்றினார். தாச்சியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி ஓலையில் வைத்துக் கொடுத்தார். நாக்கு சுட்டது. இன்னும் கையில் அந்த வாசனை இருக்கிறது.

நாள் 5: திங்கட்கிழமை, மறுபடி உப்பளம்

காலையில் முதலில் போனது ஸ்டூடியோவுக்கு. கடை திறக்கக் காத்திருந்து, நாலுக்கு ஆறு அளவில் பதினான்கு பிரிண்ட். கைபேசிக்கு அனுப்பிவிட்டால் போதாதா என்று தோழி கேட்டாள். உப்பளத்து அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அதோடு, பிரிண்ட் என்றால் அது அவர்கள் கையில் இருக்கும், வேண்டாம் என்றால் கிழித்துப் போடலாம். திரேஸ்புரத்து ஆச்சி சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

உடன்குடிக்கு உரியதைத் தபாலில் போட்டேன். ஏலக் கரைப் படங்களை வள்ளத்துக்காரர் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லித் தோழியின் கணவரிடம் கொடுத்தாயிற்று. உப்பளத்துக்கு நானே போனேன். பத்தரை மணி. வேலை முடியும் நேரம். தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பிரிண்டை விளிம்பில் பிடித்து வாங்கினார். தட்டுமேட்டில் நிமிர்ந்து பார்க்கும் அந்தப் படம். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏதோ தப்பாகிவிட்டதோ என்று நின்றேன். அப்புறம் படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

“ஏட்டி, இங்க பாரு. இது நீதான. உன் சும்மாடு எப்படிச் சரிஞ்சி கெடக்கு பாரு.”

பக்கவாட்டில் சுமையோடு ஏறி வந்தவர் அவருடைய மதினியாம். படம் கைமாறிக் கைமாறிக் கொட்டகை முழுக்கச் சுற்றியது. யார் யார் எந்தப் பாத்தியில் நின்றார்கள், அன்றைக்கு எந்தப் பாத்தியில் உப்பு எடுத்தார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் எடுக்கும்போது கவனிக்காத எத்தனையோ அதில் இருந்தன.

“நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. நானு நான் மாதிரி இருக்கேன்” என்றார் அக்கா. “ஆனா இத எம் மக வீட்டுல மாட்ட முடியுமா? சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கேன். எங்க மூணு பேத்தையும் ஒழுங்கா ஒண்ணு எடுத்துத்தா.”

மூன்று பேரும் எழுந்தார்கள். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்கள். சும்மாட்டை எடுத்தார்கள். மதினி குடிதண்ணீர் பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரைக் கையில் ஊற்றி, புருவத்தில் படிந்திருந்த உப்பைக் கழுவிக்கொண்டார். அக்கா முந்தானையை இழுத்து மடிப்பு வைத்து, தோளில் ஊக்கு குத்தினார். மூன்றாமவருக்குத் தலைமுடி நரைத்துவிட்டது. அவர் மற்ற இருவருக்கும் முடியை ஒதுக்கிவிட்டார்.

அம்பாரத்துக்கு முன்னால் நிற்கப் போனார்கள். அங்கே வெயில் முதுகில் விழும், முகம் இருண்டுவிடும். கொட்டகையின் நிழல் விளிம்புக்குக் கூட்டி வந்தேன். வெயில் தலையில் படாமல், முன்னால் கிடந்த உப்பின் வெளிச்சம் மட்டும் முகத்துக்கு ஏறும்படி ஓர் அடி உள்ளே நிற்க வைத்தேன். எக்ஸ்போஷரைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். சித்தியின் குடிசையில் கூட இவ்வளவு கவனமாக இருந்தேனா என்று தெரியவில்லை. மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி, கையைக் கீழே நீட்டி, சிரிக்காமல், நேராக லென்ஸைப் பார்த்தார்கள்.

“எடுத்திட்டியா?”

“இன்னொண்ணு எடுக்கிறேன் அக்கா. மதினி கண்ண மூடிட்டாங்க.”

ஐந்து எடுத்தேன். நாலாவதில் மூன்று பேர் கண்ணும் திறந்திருந்தது. கேமராத் திரையில் காட்டினேன். நரைத்தவர், “எனக்கு பெருசா வேணும்” என்றார். எட்டுக்குப் பன்னிரண்டு மூன்று என்று கையில் குறித்துக்கொண்டு கிளம்பினேன். ரயில் ராத்திரிதான். ஷேர் ஆட்டோவில் ஸ்டூடியோ அரைமணி நேரம்.